பாலை ஃபேன் காற்றில் ஆற்றலாமா?

கேள்வி: இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். பிற்பகல் மூன்றரை மணிக்குக் கறக்கிறோம். பால் வண்டி வருவது ஆறரைக்கு. அதுவரை கேனை ஃபேனுக்கு அடியில் வைக்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று முறை, புளிப்பு என்று பாலைத் திருப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மூன்று வேளைப் பால் திரும்பினால் தீவனக் காசே போய்விடும், சகோதரி. ஆனால் ஃபேனை நம்பிப் பயனில்லை. மடியிலிருந்து வரும் பாலின் சூடு சுமார் 37 டிகிரி. சித்திரை மாதப் பிற்பகலில் வீட்டுக்குள் இருக்கும் காற்றும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். வெப்பம் சூடு கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குத்தான் போகும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பால் எப்படி ஆறும்? நமக்கு ஃபேன் காற்று குளிர்வது வியர்வை உலர்வதால். கேனுக்கு வியர்க்காதே!

கேனைத் தண்ணீரில் வையுங்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’ என்று இருக்கும். ஒரு கிலோ பொருளின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் அது. தண்ணீருக்கு இது மிக அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்குள் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை, காற்று வாங்க வேண்டுமானால் சுமார் 3,500 லிட்டர் காற்று தேவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் பாலை 27 டிகிரியில் உள்ள 30 லிட்டர் தண்ணீரில் வைத்தால், இரண்டும் 29 டிகிரிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை புதுத் தண்ணீர் ஊற்றினால் பால் 27.5 டிகிரி வரை இறங்கும். 10 லிட்டர் தண்ணீர் மட்டும் என்றால் 32 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் அண்டா பெரிதாக இருக்கட்டும். மாடியில் கறுப்புத் தொட்டியில் காய்ந்த தண்ணீர் வேண்டாம். கிணற்றிலிருந்து அப்போதே இறைத்தது நல்லது. கேனுக்குள் பால் நிற்கும் உயரத்துக்கு வெளியிலும் தண்ணீர் நிற்க வேண்டும். சுத்தமான கரண்டியால் பாலை அவ்வப்போது கிளறிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்துப் பால் ஆறும், நடுப்பால் சூடாகவே இருக்கும்.

பிளாஸ்டிக் கேன் என்றால் மாற்றிவிடுங்கள். அலுமினியம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டாவது மாட்டின் பாலை, ஆறிய பாலில் சூடாக ஊற்றாதீர்கள். தனிப் பாத்திரத்தில் ஆற்றிவிட்டுச் சேருங்கள்.

ஆற்றுவதால் கிருமி பெருகுவது தாமதப்படும், அவ்வளவுதான். மடியையும் கையையும் கழுவாமல் கறந்தால் இதுவும் காப்பாற்றாது. இரவு முழுக்கப் பாலை வைத்திருக்கவும் இந்த முறை போதாது. அதற்கு 4 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். உங்களுக்குத் தேவை மூன்று மணி நேரம்தான். கறவையையே சிறிது சிறிதாக ஐந்து மணிக்குத் தள்ள முடியுமா என்றும் பாருங்கள். காலைக் கறவையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.