எழுதிக் கொடுக்கும் தொழிலுக்கு இனி இடமுண்டா?

மிளகு விலை, வங்கிக் கடன், வரி என்றுதான் வர்த்தகப் பக்கங்களில் வழமையாகப் பேசப்படுகிறது. இம்முறை எவரும் பெரிதாகக் கணக்கில் எடுக்காத ஒரு சிறு தொழிலைப் பற்றி எழுத விரும்புகிறேன். பிறருக்காக எழுதிக் கொடுப்பதே அத்தொழில். வங்கிக்குக் கடிதம், திணைக்களங்களுக்கு மேன்முறையீடு, கடைக்குத் துண்டுப் பிரசுரம், பள்ளிவாசல் நிர்வாக சபையின் ஆண்டறிக்கை, பாடசாலை மலருக்கு வாழ்த்துச் செய்தி, முதலாளிமாரின் மேடைப் பேச்சு, சில வேளை முழு வாழ்க்கை வரலாறு என அதன் பட்டியல் நீளமானது. எழுதுபவர் ஒருவர்; பெயர் இன்னொருவருடையது.

மாத்தளையில் பல வருடங்களாக இத்தொழிலைச் செய்து குடும்பம் நடத்துபவன் என்ற வகையில், இதற்கு வந்துள்ள நெருக்கடியையும் அதற்கு நான் காணும் வழியையும் சொல்கிறேன். கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் இதில் பாடம் உண்டு என்பது எனது எண்ணம்.

மாத்தளைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நகருக்கு வடக்கே உள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலாக ஓலைகளில் எழுதப்பட்டது. அதுவரை அது மனனமாகவே பாதுகாக்கப்பட்டு வந்தது. பஞ்சமும் யுத்தமும் வந்தபோது, மனனம் செய்தவர்கள் இறந்தால் எல்லாமே போய்விடும் என்ற அச்சத்தில் எழுதி வைத்தார்கள். ஞாபகத்தை நம்ப முடியாத இடத்தில்தான் எழுத்துக்குப் பெறுமதி வருகிறது. வியாபாரத்திலும் இதுவே நிலைமை.

மாறி வந்த சந்தை

ஒரு காலத்தில் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் அருகே தட்டச்சு இயந்திரத்துடன் அமர்ந்திருந்தவர்களே இத்தொழிலின் முன்னோடிகள். பிறகு கணனி வந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கு நல்ல கிராக்கி இருந்தது. பின்னர் யூனிகோட் வந்து, கைத்தொலைபேசியிலேயே எவரும் தமிழில் எழுதலாம் என்றாயிற்று. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் 2014இல் சிங்களமும் சேர்ந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. இன்று அதுவும் அதுபோன்ற ஏனைய செயலிகளும் கேட்ட மாத்திரத்தில் கடிதம் எழுதித் தருகின்றன.

"நானா, இதத்தான் போன் சும்மா எழுதித் தருதே, ஒங்களுக்கு எதுக்கு சல்லி?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. வாழ்த்துச் செய்தி, விடுமுறைக் கடிதம், சாதாரண விளம்பர வாசகம் ஆகியவற்றுக்கு இனி எவரும் காசு தரப் போவதில்லை. போன வேலை போனதுதான். விலையைக் குறைத்து அதைத் திரும்பப் பிடிக்க நினைப்பது வீண் முயற்சி. இலவசத்தோடு விலையில் போட்டியிட எவராலும் முடியாது.

எமது தையற்காரர்களைப் பாருங்கள். ரெடிமேட் உடுப்பு வந்தபோது, அதே சேட்டை அதைவிட மலிவாகத் தைத்துத் தர முயன்றவர்கள் கடையை மூடினார்கள். அளவெடுத்து ஜுப்பா தைப்பவர்களும், மணப்பெண் உடுப்பு தைப்பவர்களும், ரெடிமேட் உடுப்பையே உடலுக்கு ஏற்ப வெட்டித் திருத்திக் கொடுப்பவர்களும் தொழிலில் நிலைத்தார்கள். எழுதுபவனுக்கும் இந்த மூன்று வழிகள்தான் உண்டு. அளவெடுக்க வேண்டும். முக்கியமான தருணங்களுக்கு எழுத வேண்டும். இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடுக்கவும் வெட்கப்படக் கூடாது.

இயந்திரம் கேட்காத கேள்வி

அளவெடுப்பது என்றால் என்ன? வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவருக்கு மிளகு பற்றிக் கடிதம் வேண்டும் என்று ஒரு வியாபாரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி உடனே அழகான ஆங்கிலத்தில் 'மிக உயர்ந்த தரம்' என்று எழுதிவிடும். ஆனால் கொள்வனவாளர் தேடுவது அதையல்ல. லீட்டர் நிறை 500 கிராமா, 550 கிராமா? ஈரப்பதன் எவ்வளவு? எண்ணெய் வடிப்பதற்கான இளங்காயா, முற்றிய மிளகா? எமது நாட்டு மிளகில் காரத்தைத் தரும் பைபரின் அதிகம் என்பது உலகச் சந்தையில் அறியப்பட்ட விடயம். அதற்கான ஆய்வுகூட அறிக்கை கையில் உண்டா? இவற்றைக் கேட்டு எழுதப்படும் ஐந்து வரிகள், கேட்காமல் எழுதப்படும் இரண்டு பக்கங்களைவிடப் பெறுமதியானவை. ஆகவே எழுதுபவன் ஏதேனும் ஒரு துறையை ஆழமாகக் கற்க வேண்டும். மாத்தளையில் இருப்பவனுக்கு வாசனைத் திரவியத்தை விடப் பொருத்தமான துறை வேறில்லை.

இரண்டாவது மொழி. 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டம் அப்படியிருந்தாலும், எமது மாவட்டத்தில் ஒரு விடயம் விரைவாக நடக்க வேண்டுமானால் சிங்களத்தில் எழுதுவதே நடைமுறை. திணைக்களத்தின் நடைக்கேற்பச் சிங்களத்திலும், சட்டத்தரணிக்குப் புரியும்படி ஆங்கிலத்திலும், முதலாளிக்கு விளங்கும்படி தமிழிலும் ஒரே விடயத்தைத் தரக்கூடியவன் வேலையின்றி இருக்க மாட்டான். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களைப் பணித்ததையும், அவர் அரை மாதத்தில் அதைக் கற்றுக் கடிதங்களை எழுதியதையும் வாசித்துக் காட்டியதையும் திர்மிதியில் காண்கிறோம். எழுதுபவனுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எது?

புதிய வேலைகளும் வந்துள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கேள்வியைச் சரியாகக் கேட்டால்தான் சரியான பதில் வரும். அந்தக் கேள்வியை வடிவமைப்பது ஒரு தொழில்.

அமானிதமும் எல்லையும்

மூன்றாவது, இரகசியம். ஒருவரின் கடன் நிலைமை, பங்காளிப் பிணக்கு, குடும்பச் சொத்துப் பிரச்சினை எல்லாம் எழுதுபவனின் மேசைக்கு வருகின்றன. அது அமானிதம். வாடிக்கையாளரின் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அப்படியே செயலியில் போட்டுக் கடிதம் கேட்பவர், அந்த விபரம் எங்கே போகிறது என்று ஒரு கணமாவது யோசிக்க வேண்டும். 'உங்கள் தகவல் இந்த அறையை விட்டு வெளியே போகாது' என்று சொல்லி, அதைக் காப்பாற்றுபவனுக்குத்தான் அடுத்த வேலையும் வரும்.

நான்காவது, எதை எழுத மாட்டோம் என்ற உறுதி. பல்கலைக்கழக மாணவருக்கு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுப்பது மோசடிக்குத் துணைபோவதாகும். செய்யாத சேவைக்காகப் புகழப்பட விரும்புவோரை ஆலு இம்ரான் 188ஆவது வசனம் எச்சரிக்கிறது. பிறர் பெயரில் எழுதுவதே தவறு என்று நான் கருதவில்லை. எண்ணமும் அனுபவமும் அவருடையதாக இருந்து, சொல் மட்டும் எம்முடையதாக இருந்தால் அது உதவி. எண்ணமே அவருடையதல்ல என்றால் அது பொய்.

ஒரு தைலம் சகல நோயையும் தீர்க்கும் என்று எழுதித் தரக் கேட்பவரும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொய்யான, தவறாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடை செய்கிறது. சிக்கல் வந்தால் வழக்கு வியாபாரிக்கு. பாவத்தில் பங்கு எழுதியவனுக்கும். அமெரிக்காவின் டொனால்ட் ட்ரம்ப் பெயரில் 1987இல் வந்து பெரும் விற்பனை கண்ட வியாபார நூலை எழுதியவர் டோனி ஷ்வார்ட்ஸ். அட்டையில் அவர் பெயரும் இருந்தது. முற்பணத்திலும் உரிமைத் தொகையிலும் பாதி அவருக்குக் கிடைத்தது. உடன்படிக்கை செய்துகொள்ளும் விடயத்தில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்நூலை எழுதியதற்காக வருந்துவதாக 2016இல் அவரே பகிரங்கமாகச் சொன்னார். காசு சரியாகக் கிடைத்தும் மனம் அமைதியடையவில்லை.

கூலியும் ஒப்பந்தமும்

எத்தனை பக்கம் என்று பார்த்துக் கூலி கேட்கும் காலம் முடிந்துவிட்டது. பக்கங்கள் இப்போது மலிவு. விசாரித்தல், சரிபார்த்தல், மூன்று மொழியில் தருதல், பதில் வந்தால் அடுத்த கடிதத்தையும் கவனித்தல் என வேலையை முழுமையாக ஏற்று அதற்கு ஒரு தொகை கூற வேண்டும். பாதி முற்பணம், இரண்டு தடவை திருத்தம், முடிக்கும் திகதி, யார் பெயரில் வெளிவரும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னஞ்சல் போன்றவற்றுக்கும் சட்ட அங்கீகாரம் வழங்குகிறது. எனவே குறைந்தபட்சம் ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி வைப்பது நல்லது. பேச்சளவில் வேலை வாங்கி, முடிந்தபின் 'இவ்வளவுதானே எழுதினீங்க' என்று கூலியைக் குறைத்த ஒரு நிறுவனத்தை நானும் சந்தித்திருக்கிறேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும் அல்பகராவின் 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே இதுதான். பிறருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் நாம், எமக்கும் ஒன்று எழுதிக் கொள்ள வேண்டாமா?

வர்த்தக சகோதரர்களுக்கு இறுதியாக ஒன்று. கடிதத்தைச் செயலி எழுதினாலும் மனிதன் எழுதினாலும் கையொப்பம் உங்களுடையது. வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். சிறிய விடயங்களுக்குச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதில் வீண் செலவு மிச்சமாகும். காணி, கடன், ஏற்றுமதி, வழக்கு என்று வரும்போது, உங்களிடம் கேள்வி கேட்கும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். உங்கள் கடையில் இருக்கும் பொருள் இணையத்தில் அதைவிட மலிவாகக் கிடைக்கும் நாளில், வாடிக்கையாளர் ஏன் உங்களிடம் வர வேண்டும் என்ற கேள்வி உங்களுக்கும் வரும். அதற்கான பதிலை இன்றே தேடி வைப்பது நல்லது. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது. அதைத் தேடும் முயற்சியை அவன் எம்மிடமே விட்டிருக்கிறான்.