முள்ளு மூங்கிலுக்கு எதுக்கு ஜேசிபி?

திருமுக்கூடல்னு சொன்னாலே நம்மாளுங்க பாதிப்பேருக்குக் கல்வெட்டுதான் ஞாபகம் வரும். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில், வீரராஜேந்திர சோழன், 11-ம் நூற்றாண்டு, 15 படுக்கை வச்ச ஆதுலர் சாலை, மருந்துச்செடி பறிச்சாந்து விறகு போடற ஆளு வரைக்கும் யார் யாருக்கு எவ்வளவு நெல்லுன்னு விலாவாரியாப் பட்டியல். வரலாறு எழுதற நம்ம நண்பர்கள் அதைப் பத்தி நல்லாவே எழுதியிருக்காங்க. நான் அந்தப் பக்கம் போகலை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற அதே ஊர்ல, வாய்க்கா ஓரமா, எங்க பெரியப்பா நிலத்து எல்லையில மண்டிக் கெடக்கற முள்ளு மூங்கில் புதரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் விவசாயி கிடையாது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயி, நிலத்தைச் சுத்திப் பாத்துட்டு, இளநி குடிச்சுட்டுத் திரும்பற ரகம். ஆனா இந்த மூங்கில் சண்டையில ரெண்டு வருஷமா முழுநேரமா இருக்கேன் :-)

சண்டை என்னன்னா, புதரை எப்படிச் சுத்தம் பண்றது? மச்சான் சொல்றார், "ஜேசிபியை வரச்சொல்லு மச்சான், ஒரு காலைப்பொழுது, முடிஞ்சுது." சித்தப்பா பையன் சென்னையில ஐடி. அவன் பெட்ரோல்ல ஓடற மரமறுக்கற மெஷின் வாங்கலாம்னு நாலு வீடியோ அனுப்பறான். பெரியப்பா ஒண்ணும் சொல்லலை. அந்த மூங்கிலை வச்சது அவரோட அப்பா.

முதல்ல அந்த வீடியோக்களைப் பத்தி. "மூங்கிலை ஒழிப்பது எப்படி"ன்னு இங்கிலீஷ்ல வர்றதுல பெரும்பாலானது அமெரிக்கா, இங்கிலாந்து ஆளுங்க போட்டது. அவங்க வீட்டுத் தோட்டத்துல இருக்கறது பெரும்பாலும் சீனா, ஜப்பான் பக்கத்து ஓடற மூங்கில், ஃபில்லோஸ்டாக்கிஸ் வகை. அது மண்ணுக்கடியில கிழங்கை நீளமா ஓட்டிக்கிட்டே போகும், பக்கத்து வீட்டுப் புல்தரையில முளைக்கும். அதனாலதான் அவங்க பள்ளம் தோண்டு, பிளாஸ்டிக் தடுப்பு வை, அடிக்கிழங்கைத் துண்டு துண்டா வெட்டி எடுன்னு பதறிப் பதறிச் சொல்றாங்க. நம்மூர் முள்ளு மூங்கில், பெருமூங்கில்னும் சொல்லுவாங்க, பாம்பூசா பாம்போஸ், அப்படி ஓடாது. கிழங்கு குட்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே தூரா நின்னு வட்டமா மெதுவாப் பெருக்கும். பக்கத்து நிலத்துக்குத் தாவற ஆசாமியே இல்லை. இவன் பண்ற அட்டகாசம் வேற. 80 அடிக்கு மேலயும் போவான், கீழ்க்கிளை பூரா வளைஞ்ச முள்ளு, கணுவுக்கு ரெண்டு மூணு, அதெல்லாம் பின்னிப் பிணைஞ்சு கோட்டைச் சுவர் மாதிரி நிக்கும். பத்து வருஷம் யாரும் கை வைக்கலைன்னா உள்ள காய்ஞ்சது, ஒடிஞ்சது, அழுகினது எல்லாம் சேர்ந்து காத்து கூட நுழையாது. பாம்புக்குக் குடியிருப்பு.

ஆக, பிரச்சினை பரவறது இல்லை, நெரிசல். கருவியைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கறேன். நெரிசலுக்கு மருந்து தூரை உள்ளேர்ந்து திறந்து விடறது. மச்சான் சொல்றது கொலை. ரெண்டுக்கும் "சுத்தம் பண்றது"ன்னு ஒரே பேரை வச்சுக்கிட்டுப் பேசறதாலதான் சண்டை முடியவே மாட்டேங்குது.

ஜேசிபிக்கு நான் பரம எதிரி இல்லை. நடு நிலத்துல ஒரு தூரு நின்னு, அந்த இடத்துல கிணறோ வீடோ வரப்போகுதுன்னா, கூப்பிடுங்க, தாராளமா. கைக்கோடாலியும் கடப்பாரையும் வச்சுக்கிட்டு ஒரு பழைய மூங்கில் தூரைப் பேர்த்தெடுக்கறது மனுஷனைச் சாகடிக்கற வேலை. அடிக்கிழங்கு கல்லு மாதிரி. ஆனா வாய்க்காக் கரையில, ஆத்தங்கரையில நிக்கற தூரு கதையே வேற. அந்த வேர்ப்பின்னல் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு. மெஷின் அதைப் புடுங்கினா தூரு மட்டும் வராது, கரையும் சேர்ந்து வரும். அப்புறம் அந்தக் குழியை மண்ணு போட்டு மூடினாலும் அது நேத்து கொட்டின மண்ணு, முதல் வெள்ளத்துல கரைஞ்சுடும். 2021 நவம்பர்ல பாலாறு எப்படி வந்துதுன்னு காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது. எப்பவும் மணலாக் கெடக்கற ஆறு, இரு கரையும் தொட்டு ஓடுச்சு. அப்ப எங்க வாய்க்காவுல மூங்கில் நின்ன துண்டு நின்னுச்சு, சீமைக்கருவேலத்தைப் போன வருஷம் மெஷின் வச்சுப் புடுங்கின துண்டு சரிஞ்சுது. ஒரு வாய்க்காவை வச்சு ஆராய்ச்சி முடிவெல்லாம் சொல்லலை. ஆனா கண்ணால பாத்ததை எப்படி விடறது?

இப்ப பெட்ரோல் மெஷின். மரம் அறுக்க அருமையான சாமான். மூங்கில் மரம் இல்லைங்க, புல்லு. உள்ள கூடு, வெளியில சிலிக்கா ஏறின கெட்டித் தோலு, நாரு நாராக் கிழியும். சங்கிலிப் பல்லு சீக்கிரம் மழுங்கும், சிம்பு தெறிக்கும். அது கூடப் பரவாயில்லை. பெரிய ஆபத்து வேற இடத்துல இருக்கு. அடியில அறுத்துட்டா மூங்கில் விழாது! மேல நாப்பது அடியில முள்ளோட முள்ளு கோத்துக்கிட்டு அப்படியே தொங்கும். இல்லைன்னா வளைஞ்சு இழுபட்டு நிக்கற கழி, பாதி அறுக்கும்போதே நீளவாக்குல பொளந்துக்கிட்டு மேல எகிறும். முள்ளுக்குள்ள ரெண்டு கையிலயும் ஓடற மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற ஆளு எங்க ஒதுங்குவான்? பின்னாடியும் முள்ளு.

பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு பெரியவர் வந்து பாத்தார். பந்தக்காலுக்கும் சாரத்துக்கும் மூங்கில் வெட்டியே வயசாயிடுச்சு அவருக்கு. நான் வாங்க வேண்டிய சாமான் பட்டியலைப் பெருமையா எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பாக்கவே இல்லை. "முள்ளை முதல்ல எடுக்கணும் தம்பி. கழி எங்க ஓடிடப் போவுது?" அப்படின்னார்.

அவர் கொண்டாந்தது மூணே மூணு. நீளக் கழியில கட்டின தொரட்டி. லாரி ஸ்பிரிங் பட்டையில பட்டறைக்காரர் அடிச்சுக் குடுத்த, நுனி வளைஞ்ச கனமான கொடுவாள். ஒரு கயிறு. தொரட்டியால முள்ளுக்கிளையைத் தள்ளி நின்னே இழுத்து, கொடுவாளால அடியில ஒரு போடு. முள்ளைக் கையால தொடவே இல்லை, கவைக்கோலால தள்ளித் தள்ளி ஒரு பக்கம் குவிச்சார். ஒரு நாள் முழுக்க இதே வேலை. ஒரு கழி கூட விழலை. மச்சான் கட்டில்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தார். ரெண்டாம் நாள் கழி வெட்டும்போதுதான் அந்தக் கயிறு எதுக்குன்னு தெரிஞ்சுது. அடியை அறுத்ததும் கயிறு கட்டி அடிப்பக்கமா வெளியில இழுக்கணும். மேல கோத்திருக்கறது தானா உருவிக்கிட்டு வரும். விழ வைக்கறதுங்கற பேச்சே இல்லை.

நான் ஒரே ஒரு சாமான் சேத்தேன், அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு ;-) இழுக்கும்போது அறுக்கற வளைஞ்ச கைரம்பம், கவாத்து பண்றதுக்குன்னு விக்கறது. கொடுவாளால சாய்வா வெட்டினா மிச்சம் நிக்கற அடிக்கட்டை ஈட்டி மாதிரி ஆயிடும். செருப்பைத் துளைச்சுக் காலுக்குள்ள போகும். ரம்பத்தால அறுத்தா மட்டமா நிக்கும். இன்னொண்ணு, கணுவுக்கு ஒட்டி மேல அறுக்கணும். கணுவுக்கு ரொம்ப மேல அறுத்தா அடிக்கட்டை ஒரு டம்ளர் ஆயிடும். மழைத்தண்ணி தேங்கும், கொசு முட்டை வைக்கும். டெங்கு, சிக்குன்குனியா பரப்பற ஏடிஸ் கொசு வகைக்கு மூங்கில் அடிக்கட்டை ரொம்பப் பிடிச்ச இடம். 2006-ல சிக்குன்குனியாவுல முட்டி பிடிச்சுக்கிட்டுக் கெடந்தவங்க யாராவது இதைப் படிச்சா, கணுவைப் பாத்து அறுங்கன்னு அவங்களே சொல்லுவாங்க.

எதை வெட்டறதுங்கறது, எதால வெட்டறதைவிடப் பெருசு. மூங்கில் கழி ஒரே பருவத்துல தன்னோட முழு உயரமும் வளர்ந்துடும், அப்புறம் பருக்காது, முத்த மட்டும் செய்யும். இந்த வருஷத்துக் கழியில மட்டை ஒட்டியிருக்கும், மேல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதை வெட்டக்கூடாது, அதோட அடியிலேர்ந்துதான் அடுத்த குருத்து வரணும். மூணு நாலு வருஷம் தாண்டினது பளபளப்புப் போயி, திட்டுத் திட்டாப் பாசம் படிஞ்சு, தட்டினா கணீர்னு கேக்கும். அதைத்தான் எடுக்கணும். ஆனா முத்தினது எல்லாம் நடுவுல, பிஞ்சு எல்லாம் வெளிவட்டத்துல. அதனாலதான் அவசரக்காரன் வெளியில கைக்குக் கிடைக்கற பிஞ்சை வெட்டிட்டு, நடுவுல இருக்கற கிழத்தை அப்படியே விட்டுட்டுப் போறான். ஒரு பக்கமா வழி வெட்டி உள்ள நுழைஞ்சு, நடுவைக் காலி பண்ணி, வெளிவட்டத்தை நிறுத்தினா, மேலேர்ந்து பாக்க குதிரை லாடம் மாதிரி இருக்கும். வனத்துறை ஆளுங்க சொல்லிக் குடுக்கறதும் இதேதான். நம்ம பெரியவர் அதுக்கு லாடம்னெல்லாம் பேரு வைக்கலை, "வாசல் வுடணும்"னார். மழைக்காலத்துல குருத்து வர்ற நேரம் உள்ள போகவே கூடாதுன்னும் சொன்னார். தையில ஆரம்பிச்சு வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கறது நல்லது, அப்ப வெட்டினா உளுப்பும் குறைச்சல்.

தீ வைக்கலாம், மருந்தடிக்கலாம்னு சொல்றவங்களுக்கு ரெண்டு வரி. தீ வச்சா கணு ஒவ்வொண்ணும் வெடி மாதிரி வெடிச்சுப் பொறி பறக்கும், பக்கத்துல கூரை இருந்தா காலி. அடிக்கிழங்கு சாகாது, அடுத்த மழைக்குத் துளுக்கும். கிளைஃபோசேட்டை மூணு ஆறு கூடற இடத்துக்குப் பக்கத்துல ஊத்தறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். 2022 அக்டோபர்ல மத்திய அரசே அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்து ஆளுங்க மட்டும்தான் தெளிக்கலாம்னு ஆணை போட்டது.

இன்னொண்ணும் பாருங்க. மூங்கில் பூத்திருக்கான்னு ஒரு தடவை அண்ணாந்து பாத்துடுங்க. முள்ளு மூங்கில் ஏறத்தாழ 30-லேர்ந்து 50 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், பூத்து விதை விட்டதும் தூரு தானா செத்துடும். மிசோரம்ல வேற ஜாதி மூங்கில் கூட்டமாப் பூத்து, எலி பெருகி, 1959-ல பஞ்சமே வந்தது, அது அரசியல் வரைக்கும் போச்சு. நம்ம ஒரு தூருக்கு அவ்வளவெல்லாம் நடக்காது. ஆனா சாகப்போற தூருக்கு ஜேசிபி வாடகை குடுக்கறது தண்டம்.

சட்டம் பத்தியும் சொல்லிடறேன். 1927 இந்திய வனச்சட்டத்துல மூங்கிலும் "மரம்"தான்னு இருந்துச்சு, 2017 கடைசியில அதை எடுத்துட்டாங்க, அதனால எங்க வேணா வெட்டி ஏத்தலாம்னு பரவலாப் பேசறாங்க. தமிழ்நாட்டுக்குன்னு தனியா 1882-ம் வருஷத்து வனச்சட்டம் இருக்குங்கறதை யாரும் சொல்றதில்லை. லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி வனச்சரக அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. 2018-19-ல தேசிய மூங்கில் இயக்கத்தைப் புதுப்பிச்சப்ப மூங்கில் நடறதுக்கு மானியம் எல்லாம் வந்துச்சு. நட்டதைப் பராமரிக்கற ஆளுக்கு என்ன வந்துச்சு?

எனக்கு இதுல கோவமே அங்கதான். மெஷினுக்கு மணிக்கு இவ்வளவுன்னு சொன்னா மறு பேச்சு பேசாம எண்ணிக் குடுக்கறோம். கொடுவாளோட உள்ள நுழையற ஆளுகிட்ட மட்டும் கூலிக்குப் பேரம். முள்ளு கண்ணுல குத்தினா கண்ணு போச்சு. கால்ல ஒடிஞ்சா சீழ் வச்சு ஒரு வாரம் வேலை போச்சு. கண்ணாடி, தோல் கையுறை, முழங்கால் வரைக்கும் ஒரு பூட்ஸ், இது மூணையும் நிலத்துக்காரன் வாங்கிக் குடுக்கணும். ஐடி தம்பி வாங்கச் சொன்ன மெஷின் காசுல இதை நாலு பேருக்கு வாங்கலாம். பெரியவர் முதல்ல கண்ணாடி போட மாட்டேன்னார், வேர்க்குதுன்னார். வலைக் கண்ணாடி வாங்கிக் குடுத்ததும் போட்டுக்கிட்டார். கையில சாக்கைத்தான் சுத்திக்கிட்டார், கையுறை வேணாம்னுட்டார். சரி, அது அவர் கை.

இப்போதைக்குத் தூருல பாதி வாசல் விட்டாச்சு. வெட்டின கழியைப் பந்தல்காரர் ஒருத்தர் எடுத்துக்கிட்டார், நாலு ஏணிக்கு ஆகும்னு பெரியப்பா கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கார். மச்சான் இன்னும் ஒத்துக்கலை. மிச்சப் பாதி அடுத்த தைக்கு.

அந்த நுனி வளைஞ்ச கத்திக்கு எங்க பக்கம் கொடுவாள். திருநெல்வேலி, தஞ்சாவூர், யாழ்ப்பாணம் பக்கமெல்லாம் என்ன பேரு? மூங்கிலுக்குன்னே தனியா ஏதாவது அடிப்பாங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. பட்டறைக்காரர் இன்னொண்ணு அடிச்சுத் தரேன்னிருக்கார், எப்படி வளைக்கணும்னு கேக்கறார்.