இருபது பத்துமலை

பத்துமலையில் 272 படிகள். காவடி எடுப்பவர்களை விட்டுவிட்டால், நம்மில் பெரும்பாலோருக்கு மலையேற்றத்தின் அளவுகோல் அதுதான். நூறாவது படியில் ஒரு நிறுத்தம், குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்தல், மேலே போனதும் 'பரவாயில்லையே, இன்னும் வயசாகல' என்று ஒரு திருப்தி. இலங்கையின் சிவனொளிபாதமலைக்குப் படிகள் ஏறத்தாழ 5,500 என்பார்கள். எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் இருபது பத்துமலை இருக்கும்.

இந்தக் கணக்கைக் கொழும்பிலேயே என் கணவரிடம் சொன்னேன். "படிதானே? காட்டு வழியா இருந்தாத்தான் கஷ்டம்" என்றார். அவர் பாகான் டத்தோக்காரர். பேராக் ஆறு கடலில் போய்ச் சேரும் ஊர். தென்னை, செம்பனை, வாய்க்கால், மறுபடியும் தென்னை. நாள் முழுக்க சைக்கிள் மிதித்தாலும் மூச்சு வாங்க ஒரு மேடு வராது. பக்கத்தில் உயரமான இடம் எது என்று கேட்டால் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைக் காட்டுவார்கள். அதன் உயரம் 25.5 மீட்டர்.

சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீட்டர். கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. அடிவாரமான நல்லதண்ணியே 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மிச்சம் ஆயிரம்தானே என்று தோன்றும். அந்த ஆயிரத்தை ஆறேழு கிலோமீட்டர் நடையில் ஏறி முடிக்க வேண்டும். ஈப்போவாசிகளுக்குப் புரியும்படி சொன்னால், மெங்லெம்புவின் கிளேடாங் மலை சுமார் 800 மீட்டர். அங்கே உச்சிவரை தார்ச்சாலை உண்டு. இங்கே வளைந்து வளைந்து போகிற சாலை கிடையாது. படி நேராக மேலே போகும்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். அப்போது வழி நெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். மற்ற மாதங்களில் மழை, இருட்டு, மூடிய கடைகள். நாங்கள் போனது பிப்ரவரியில். சூரிய உதயத்தை உச்சியில் பார்ப்பதற்காக எல்லாரையும் போல அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.

முதல் ஒரு மணி நேரம் மலை நம்மை ஏமாற்றும். தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக மெல்ல உயரும் பாதை, பொம்மைக் கடை, இனிப்புக் கடை, ஜப்பானியர் கட்டிய வெள்ளை அமைதிக் கோபுரம். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தோளில் குழந்தை, கையில் தாத்தா. என் கணவர் படம் எடுத்துக்கொண்டே நடந்தார். அதற்குப் பிறகுதான் படி தொடங்குகிறது. ஒன்று நாலு அங்குலம், அடுத்தது ஓர் அடி, அதற்கடுத்தது பாறையில் வெட்டியது. கால் ஒரு தாளத்துக்குப் பழகுவதற்குள் தாளம் மாறிவிடும். தலையை நிமிர்த்தினால் விளக்குகளின் வரிசை வானத்துக்குள் போகிறது. பாதி விளக்கு எது, நட்சத்திரம் எது என்று தெரியாது.

நாலரை மணிக்கு ஒரு தேநீர்க் கடைப் பலகையில் அவர் உட்கார்ந்துவிட்டார். இடது முட்டி மடங்க மறுத்தது. குளிரிலும் வியர்வை.

"நீ போ. நான் இங்கயே இருக்கேன். விடியறத பாத்துட்டு வா."

எனக்குப் போக ஆசைதான், மறைப்பானேன். உதயத்தின்போது அந்த மலையின் நிழல் மேற்கே பனிமூட்டத்தின் மேல் முக்கோணமாக விழும். சில நிமிடம்தான் தெரியும். அதற்காகவே இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தேன். ஆனால் அவர் "நீ போ" என்றதும் நினைவுக்கு வந்தவர் மைக்கேல் மோஸ்லி.

பிபிசி நேயர்களுக்குத் தெரிந்த பெயர். மருத்துவம் படித்தவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உடல்நலம் பேசியவர், வயது 67. 2024 ஜூன் 5ஆம் தேதி கிரேக்கத்தின் சிமி தீவில், கடற்கரையில் மனைவியையும் நண்பர்களையும் விட்டுவிட்டுத் தங்கியிருந்த இடத்துக்குத் தனியாக நடந்து கிளம்பினார். கைப்பேசி எடுத்துப் போகவில்லை. கொளுத்தும் வெயில், நிழலற்ற பாறைச் சரிவு. நாலு நாள் கழித்து, ஆட்கள் நடமாடும் ஒரு கடற்கரை விடுதிக்கு மிக அருகில் அவர் உடல் கிடைத்தது. தொழிலில் அவர் எங்கள் சாதி என்பதாலோ என்னவோ, அந்தச் செய்தி என்னை விட்டு நீங்கவே இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. எங்கள் கடையில் விளக்கு இருந்தது, ஆள் இருந்தது, சூடான பிளேன்டீ இருந்தது. மேலும் கீழும் நூற்றுக்கணக்கானோர் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'இந்தக் கடை, இத்தனை மணி' என்று பேசி வைத்துக்கொண்டு பிரிவதில் ஆபத்து அதிகமில்லை. சிமி போன்ற ஆளரவமற்ற பாதையில் இருவராக வந்தவர்கள் இருவராகத்தான் திரும்ப வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. புத்திக்கு இந்த வித்தியாசம் தெரிந்தும் நான் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டேன். "எனக்காக நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம்" என்று அவர் கோபப்பட்டார். நான் பதில் பேசவில்லை. இரண்டு பிளேன்டீ முடியும்வரை இருவரும் பேசவில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டி. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இப்போது பேரப்பிள்ளைகளோடு ஏறுகிறார். வெறுங்கால், தலையில் துண்டு, கையில் பூசைச் சாமான் பை. எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றோம்.

"அங்க மலை இல்லையா தம்பி?"

கேமரன் மலை இருக்கிறது, நாங்கள் காரில் போவோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "குனிஞ்சு அடுத்த படிய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டி போய்க்கொண்டே இருந்தார்.

நம் பாட்டன்மாரும் அவர் பாட்டன்மாரும் ஏறக்குறைய ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரே வெள்ளைக்காரன் காலத்தில் கிளம்பியவர்கள். ஒரு கூட்டம் கப்பலில் பினாங்கு வந்து சமவெளிக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் போனது. இன்னொரு கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டுக்கு ஏறியது; வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். இன்று அந்தப் பாட்டிக்கு 5,500 படியில் மூச்சிரைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு முட்டி மடங்கவில்லை.

1344இல் இதே மலைக்கு ஏறினார் மொராக்கோ பயணி இபின் பத்தூத்தா. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார். பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இப்போது கடைசி ஏற்றத்தில் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் நாங்கள் ஏறினோம்.

உச்சியை அடைந்தபோது மணி ஏழே கால். சூரியன் நன்றாக ஏறிவிட்டது. முக்கோண நிழல் இல்லை. சிவன் பாதம் என்று நாமும், புத்தர் பாதம் என்று சிங்களவரும், ஆதாம் பாதம் என்று முஸ்லிம்களும் வணங்கும் இடத்தில் ஒரே வரிசை. எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம். எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி அடித்ததைப் பதினொன்று வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். நாங்கள் ஆளுக்கு ஒன்று.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள், இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடை முழுவதையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நுண்ணிய சிதைவுகள் அதிகம் நேர்வது அப்போதுதான். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சம். முட்டிக்கு விழும் சுமையும் இறக்கத்தில்தான் கூடுதல். ஒரு கைத்தடி இருந்தால் பாரத்தில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். பாகான் டத்தோ மாதிரி சமதரையில் இருப்பவர்கள், போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரத்துக்கு இருமுறை அடுக்குமாடிப் படியில் ஏறி இறங்கலாம். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சிதான்.

முக்கியமாக, மலைக்கு மறுநாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். நாங்கள் அன்று மாலையே கண்டிக்குப் போனோம். விடுதியில் எங்களுக்கு ஒதுக்கிய அறை மூன்றாவது மாடியில். என் கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தார், பிறகு வரவேற்பறைப் பையனைப் பார்த்தார். லிஃப்ட் இல்லையாம்.