கூட்டல் தெரியாதவர்களா?

ஐசியூவில் நீர்க்கணக்கு தப்பினால் மருத்துவமனை நிர்வாகங்கள் கையில் எடுப்பது ஒரே மருந்துதான்: நர்ஸ்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. ப்ரொஜெக்டர், டீ, பிஸ்கட், கையெழுத்து. உள்ளே போனது இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு, கழித்தால் பேலன்ஸ். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவருக்கு இதுவா தெரியாது?

கோளாறு பெரும்பாலும் கூட்டலில் இல்லை, கணக்குக்கே வராதவற்றில் இருக்கிறது. டிரிப்பாக ஏற்றும் பாராசிட்டமால் பாட்டில் ஒன்று 100 மில்லி. நாளுக்கு நாலு போட்டால் 400. ஆன்டிபயாடிக்கை 100 மில்லி சலைனில் கலந்து மூன்று வேளை, 300. ரைல்ஸ் டியூபைக் கழுவ ஊற்றும் தண்ணீர் தனி. இவை மருந்துச் சீட்டில் இருக்கும், இன்டேக் சார்ட்டில் விட்டுப்போகும். நனைந்த டயப்பரை எடைபோட்டால் கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு வைக்கலாம். வார்டில் தராசு எங்கே?

700 மில்லிதானே என்று நினைக்க வேண்டாம். நுரையீரல் கடுமையாகப் பழுதான 1000 பேரை வைத்து 2006இல் வெளிவந்தது ஃபேக்ட் ஆய்வு. தாராளமாகத் திரவம் கொடுத்த தரப்பில் ஏழு நாளில் உடம்பில் தங்கியது சராசரியாக 7 லிட்டர். அதாவது நாளுக்கு ஒரு லிட்டர். கட்டுப்படுத்திய தரப்பில் ஏறக்குறைய பூஜ்யம். இறப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டுப்படுத்திய தரப்புக்கு வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் சராசரியாக இரண்டரை கூடுதல். இரண்டரை நாள் என்றால் என்ன என்று நகையை அடகு வைத்து ஐசியூ பில் கட்டிய குடும்பத்தைக் கேளுங்கள்.

இதற்குள் என் தொழில்காரர்கள் டேப்லெட்டோடு வந்துவிடுகிறார்கள், செயலி தானே கூட்டிக்கொள்ளுமாம். யாரும் உள்ளிடாத 700ஐ அது எங்கிருந்து கூட்டும்? தப்பான எண்ணை அழகான கிராஃபாகக் காட்டும், அவ்வளவுதான்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். நோயாளிக்குள் போகும் ஒவ்வொரு குழாயையும் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். தினமும் எடை பாருங்கள். சார்ட் அரை லிட்டர் கூடுதல் என்று சொல்ல, எடை ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் எது பொய் என்று தேடப் பழக்குங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கி, அப்படியே சில மணி நேரம் நீடித்தால் நர்ஸ் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதற்காகத் திட்டு வாங்கக் கூடாது. இந்த இரண்டாவது பாடம் டாக்டர்களுக்கு.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பது ஏட்டில் இருக்கிறது. மூன்று கட்டிலை ஒருத்தரே பார்த்தால் இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி அளவுகள் எல்லாம் ஐந்து மணிக்கு ஒரே மூச்சில் நிரப்பப்படும். அவரைத்தான் மறுபடி வகுப்புக்கு அனுப்புகிறார்கள், அதுவும் நைட் டியூட்டி முடிந்த காலையில். அதற்கு ஓவர்டைம் கிடையாது.