மதிப்பிற்குரியவர் யார்?

வங்கியில் லாக்கரைத் திறக்க ரெண்டு சாவி வேணும். ஒண்ணு எங்ககிட்ட, இன்னொண்ணு வாடிக்கையாளர்கிட்ட. ரிஜிஸ்டரில் கையெழுத்து வேணும், நேரம் குறிக்கணும். சேரிக் குடிசையைத் திறக்க? ஒரு பூட்ஸ் கால் போதும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை தோழர்களே. வாரண்ட் இல்லாமல் ஒரு வீட்டைச் சோதனை போட வேண்டுமானால் என்ன பொருளைத் தேடுகிறேன், வாரண்ட் வாங்கும்வரை ஏன் பொறுக்க முடியாது என்று அதிகாரி முதலில் எழுதி வைக்க வேண்டும். 1973ஆம் வருஷத்துச் சட்டத்தில் இது 165ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல், வாயில் நுழையாத இந்திப் பேரோடு வந்திருக்கும் புதுச் சட்டத்தில் 185. எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும். செல்போனில் படமும் பிடிக்கணும்.

வாச்சாத்தியில் எதை எழுதினார்கள்? 1992 ஜூன் 20. அரூர் பக்கத்து மலையாளிப் பழங்குடி ஊர். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் சேர்ந்து நுழைந்தது. 18 பெண்களைச் சீரழித்தார்கள். கட்டையை அங்கேயா தேடினான்? குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்வதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு வருஷம்!

1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். அங்கே நம்ம சனம் வெளிநாட்டில் உழைத்து வாங்கிய டி.வி.யும் தையல் மெஷினும் நொறுங்கின. குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம். தேடுதல் வேட்டையாம்.

சோதனைக்கு அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சார்பற்ற, ‘மதிப்பிற்குரிய’ ரெண்டு பேர் சாட்சி வேணும் என்கிறது சட்டம். பழைய 100, புதிய 103. இந்த ஒரு வார்த்தையில்தான் சாதி உட்கார்ந்திருக்கு. மதிப்பிற்குரியவர் ஊர்த் தெருவில்தான் இருப்பார் என்பது போலீஸ்காரன் அகராதி. சேரிக்காரன் ரெண்டு பேரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு ஊர்த் தெருப் பண்ணையார் வீட்டைச் சோதனை போட்ட கதையை யாராவது கேட்டதுண்டா?

இன்னொண்ணு. சோதனை சட்டவிரோதம் என்றாலும் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்று 1973லேயே பூரன்மல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் எந்தப் போலீஸ்காரன் உட்கார்ந்து காரணம் எழுதுவான்?

அடுத்த தடவை நம்ம தெருவில் டார்ச் வெளிச்சம் விழும்போது, படிச்ச பசங்க தனியா இல்லாம நாலு பேராப் போய் நின்னு கேளுங்க. எழுதி வெச்ச காரணம் எங்கே சார்? எடுத்த பொருளுக்குப் பட்டியல் எங்கே? சாட்சிக் கையெழுத்துக்கு பக்கத்து வீட்டு ஆயாவைக் கூப்பிடுங்க. அவங்களும் மதிப்பிற்குரியவங்கதான்.