பேரேட்டில் ஏறாத இருமல்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. வரிசையில் எப்போதும் யாராவது ஒருவர் இருமிக்கொண்டு நிற்பார். மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பி விடுவார்கள். இருமல் நிற்காவிட்டால் மீண்டும் வருவார் என்கிறீர்களா? சந்தேகம் தான். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டில் சிரப் வாங்குவார், அதோடு சரி.

இப்படிப்பட்ட நிலையத்தில் "இந்த வருஷம் டி.பி. கேஸ் ரெண்டே ரெண்டு தான்" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் வணிகவியல் படிப்பவர்களாவது கொஞ்சம் யோசிக்க வேண்டும் நண்பர்களே! பேரேட்டில் எழுதவில்லை என்பதால் கடன் தீர்ந்து விடுமா என்ன?

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் தேசிய காசநோய் பரவல் ஆய்வு நடந்தது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர் ஊராகப் போய், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்தார்கள். அதை வைத்து எல்லா வயதினருக்கும் போட்ட கணக்கு, லட்சம் பேருக்கு 312 நோயாளிகள். அதை விட அதிர்ச்சியான விஷயம், காசநோய் அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப் போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லும்படி அறிகுறியே இல்லை!

போகாதவர்களில் பெரும்பாலானோர் சொன்ன காரணம் "சாதாரண இருமல் தானே". படிப்பறிவு இல்லை என்று அவர்களைத் திட்டுவது சுலபம். சளிப் பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். ஆனால் சளி இரண்டு முறை கொடுக்க வேண்டும், அதில் ஒன்று காலையில் எழுந்ததும் எடுத்தது. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது இரண்டு நாள் கூலி. சிகிச்சை ஆரம்பித்த பிறகு சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் 2018 முதல் தருகிறார்கள், 2024 நவம்பரில் அது 1000 ஆனது. நல்லது தான். ஆனால் நோய் என்று தெரிந்த பிறகு வரும் பணம் அது. தெரிந்து கொள்ளப் போகும் நாளின் கூலியை யார் தருவார்கள்?

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், கண்டறியப்பட்டவர்களின் எடை, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே அட்மிட் செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அதுவும் பேரேட்டில் ஏறியவர்களுக்குத் தானே?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காசநோய்க்காரரை சானடோரியத்தில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னை தான். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் செய்த வேலை அது. மருந்து வீட்டுக்குப் போய் இத்தனை வருடம் ஆகிறது. எக்ஸ்ரே எடுக்க மட்டும் இருமுகிறவர் தான் வர வேண்டும் என்பது என்ன நியாயம்? இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகும் எக்ஸ்ரே கருவியே வந்து விட்டது. எப்போதாவது நடக்கும் முகாமோடு நிறுத்தாமல், வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் ஏழு மணிக்கு அதைத் தெருவுக்கே கொண்டு வரட்டும். அந்த வருடம் ரெண்டு கேஸ் இருபது ஆகும். அதற்காக அந்த டாக்டரிடம் மேலதிகாரிகள் விளக்கம் கேட்காமல் இருந்தால் போதும்.