குட்டியின் காதிலே குடியிருப்போர்

அழையாத விருந்தாளியாக வீட்டுக்குள் நுழையும் பூனைக்குட்டியைக் குழந்தைகள் ஒரே நாளில் சொந்தமாக்கிக் கொண்டு விடுகிறார்கள். பெயர் சூட்டியாகிறது, படுக்கப் பழந்துணியும் கிடைத்து விடுகிறது. சில நாள் சென்றதும் குட்டி பின்னங்காலால் காதை ஓயாமல் பிறாண்டுகிறது, தலையை உதறுகிறது, காதோரத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிகிறது. உடனே பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். “சொறி பிடித்த சனியனைக் கொண்டு போய்க் கடைத்தெருவில் விட்டுவிடு” என்பது ஒரு கட்சி. “வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் குழைத்துத் தடவு” என்பது மற்றது. இரண்டு தீர்ப்புமே குட்டியின் உயிருக்கு உலை வைக்கக் கூடியவை.

சொறி என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது ஒரே வியாதியன்று. காதின் உட்புறத்தில் காபித் தூளைத் தூவினாற்போல் கருத்த அழுக்கு இருக்குமானால், அங்கே காது உண்ணி குடியேறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காது மடலின் ஓரத்தில் சாம்பல் நிறப் பொருக்குத் தடித்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பரவி, தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கினால், அது தோலைத் துளைத்து வசிக்கும் வேறொரு உண்ணியின் வேலை. அரிப்பு அதிகமில்லாமல் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது ஒருவகைக் காளான். மயிருக்கிடையே காணும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்ததும் செந்நிறம் பரவினால் தெள்ளுப் பூச்சி இருக்கிறது என்று அறியலாம். தெள்ளு மிகுந்தால் இளங்குட்டி இரத்தம் குன்றி இறந்து போவதும் உண்டு.

காது உண்ணியின் உபத்திரவம் எத்தகையது என்பதைப் பூனை வாய் திறந்து சொல்லாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ராபர்ட் லோப்பெஸ் என்ற கால்நடை வைத்தியர், பூனையின் காதிலிருந்து எடுத்த உண்ணிகளைத் தம் காதிலேயே விட்டுப் பார்த்தார்! உள்ளே அவை ஊரும் ஓசையையும், இரவிலே தூக்கத்தைக் கெடுத்த அரிப்பையும் பற்றி 1993-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு அவருக்கு ‘இக் நோபெல்’ என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. பரிசு வேடிக்கையானாலும், அவர் சில வாரம் பட்ட பாட்டைத்தான் நம் வீட்டுக் குட்டி இரவு பகலாய்ப் படுகிறது.

இனி, கைமருந்து ஏன் கூடாது என்று பார்ப்போம். பூனை தன் உடம்பை நாக்கினாலேயே சுத்தம் செய்யும் பிராணி. தோலில் பூசியது எதுவானாலும் சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். மேலும், நமக்கும் நாய்க்கும் எளிதில் கழிந்துபோகும் சில விஷப் பொருள்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஆகையால் கற்பூரம், மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றை அதன் அருகில் கொண்டு போகலாகாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலோ அதற்கு நஞ்சேயாகும். காதுக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துழாவினால் அழுக்கு மேலும் உள்ளே தள்ளப்படும். செவிப்பறைக்கும் சேதம் நேரலாம்.

வைத்தியர் காதழுக்கில் சிறிது எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். தோலைச் சுரண்டியும், மயிரைப் பரிசோதித்தும் நோயை நிச்சயிப்பார். பிறகு குட்டியை நிறுத்து, அதன் எடைக்குத் தக்கபடி மருந்து கொடுப்பார். செலமெக்டின் போன்ற மருந்தைப் பிடரியில் சில துளி விட்டாலே உண்ணியும் தெள்ளும் ஒடுங்கும்; எட்டு வாரம் நிறைந்த குட்டிகளுக்கு இதை அளிக்கிறார்கள். 1903-ல் தொடங்கி இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும், பல ஊர்களிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகங்களும் ஆடு மாடுகளுக்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல.

வீட்டாரின் கடமை இதற்குப் பின்புதான் ஆரம்பமாகிறது. காது உண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து முழுமை பெற ஏறக்குறைய மூன்று வாரமாகும். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தினால், மிஞ்சிய முட்டைகள் பொரித்துப் பழைய கதை தொடங்கிவிடும். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் அவற்றுக்கும் வைத்தியரைக் கேட்டு உடன் சிகிச்சை செய்ய வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துங்கள். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். உதிர்ந்த மயிரில் அதன் வித்துக்கள் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே குட்டியைத் தனியறையில் வைத்து, தரையில் விழும் மயிரை அன்றாடம் அகற்றி, தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். குழந்தைகளின் தோலில் வட்டமான தடிப்புக் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்திடும்போது குட்டி கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கடைத்தெருவில் விடப்பட்ட குட்டி தன் நோயை அங்குள்ள பூனைகளுக்கெல்லாம் பங்கிட்டுவிட்டு, எங்கேனும் ஒரு மூலையில் மடியும். தனியறையில் வைத்துப் பார்த்த குட்டியோ, சில வாரத்தில் மயிர் முளைத்து, குழந்தைகளின் மடியில் மீண்டும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.